ஏழாயிரம் ஜோடியும் ஒரு பேரேடும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அறிவியல் கட்டுரை எது கையில் கிடைத்தாலும் முடிவு என்ன என்று பார்க்க மாட்டேன். ‘ஆய்வு முறை’ என்று பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் பகுதிக்கு நேரே ஓடிவிடுவேன். கல்யாண வீட்டுக்குப் போனால் மணமேடைப் பக்கம் தலைவைக்காமல் கொல்லைப்புறத்துச் சமையல் பந்தலை எட்டிப் பார்க்கும் ஆசாமிகள் உண்டே, அந்த ரகம். அப்படி எட்டிப் பார்த்தபோது மாட்டியதுதான் இந்தப் பேரேடு. இரண்டு வாரமாக வீட்டில் யார் அகப்பட்டாலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் இப்போது என்னைக் கண்டால் வேறு அறைக்குப் போய்விடுகிறார்கள். எனவே உங்களிடம் வந்திருக்கிறேன்.

இடம்: அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் சியாட்டில் நகரம். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறையின் கீழ் அங்கே ஒரு நோய்ப்பரவல் ஆய்வு மையம் இருக்கிறது. அதன் பொறுப்பில் இருப்பதுதான் ‘வியட்நாம் கால இரட்டையர் பதிவேடு’. உள்ளே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள். எல்லோரும் ஆண்கள். எல்லோரும் 1939-க்கும் 1957-க்கும் இடையில் பிறந்தவர்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவரல்ல, இரண்டு பேருமே வியட்நாம் போர்க் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர்கள். ஏழாயிரம் ஜோடி! ஊரில் ஒரு தெருவில் ஒரு ரெட்டைப் பிள்ளை இருந்தாலே நாம் நின்று திரும்பிப் பார்க்கிறோம்.

எதற்காக இந்தக் கூட்டம்?

1975-இல் போர் முடிந்தது. திரும்பி வந்தவர்களில் பலருக்கு அது முடியவில்லை. தூக்கமில்லை, கனவில் வெடிச் சத்தம், காரணமில்லாத கோபம், குடி. காட்டு மரங்களின் இலைகளை உதிர்க்க விமானத்திலிருந்து தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு ரசாயனத்தின் மேல் ஒரு சந்தேகம். போரே மனதைக் குலைத்துவிட்டதா என்று இன்னொரு சந்தேகம். பி.டி.எஸ்.டி. என்று இன்று எல்லோர் வாயிலும் அடிபடும் அந்த அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இடம்பிடித்ததே 1980-இல்தான். பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் வழக்கு தீரவில்லை. இந்த மனிதர் போருக்குப் போனதால் இப்படி ஆனாரா? போகாமல் ஊரிலேயே இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருப்பாரா?

இதற்குப் பதில் சொல்ல ஒரே வழி, போகாத அதே மனிதரைத் தேடிப் பிடிப்பது. அதே ரத்தம், அதே அம்மாவின் சமையல், அதே பள்ளிக்கூடம், அதே முகவெட்டு. நம் இரட்டை வேடப் படங்களில் இயக்குநர் கன்னத்தில் ஒரு மச்சம் ஒட்டிச் சமாளிக்கும் விஷயத்தை, இயற்கை மச்சமில்லாமல் செய்து வைத்திருக்கிறது. ஒரு கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவர் வியட்நாம் போய், மற்றவர் பட்டாளத்திலேயே வேறெங்கோ வேலை பார்த்திருந்தால் போதும். போகாதவர்தான் அளவுகோல்.

சரி, அவர்களை எப்படிப் பிடித்தார்கள்? இங்கேதான் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

பாதுகாப்புத் துறையின் கணினிப் பட்டியலில், பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட சுமார் 55 லட்சம் வீரர்களின் விவரம் இருந்தது. ஆனால் ‘நீர் இரட்டையரா?’ என்று அதில் ஒரு கட்டம் கிடையாது. சேத் ஐசன், வில்லியம் ட்ரூ, ஜாக் கோல்ட்பர்க், வில்லியம் ஹெண்டர்சன், டென்னிஸ் ராபினெட் ஆகியோர் 1980-களில் ஒரு சல்லடை செய்தார்கள். குடும்பப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் பெயர் வேறாக இருக்க வேண்டும். பிறந்த தேதி ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியாக ஒரு குமாஸ்தாவுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை: சமூகப் பாதுகாப்பு எண்ணின் முன்பகுதி ஒத்துப்போக வேண்டும். நமக்கு ஆதார் எண் மாதிரி அவர்களுக்கு அது. அந்தக் காலத்தில் பையன்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகும் வயது நெருங்கும்போதுதான் அந்த எண்ணை வாங்குவார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒரே காலத்தில் ஒரே ஊரில் விண்ணப்பித்தால் எண்களும் ஒட்டிக்கொண்டே வரும். 1950-களில் ஏதோ ஓர் அம்மா இரண்டு பையன்களையும் ஒரே நாளில் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். முப்பது வருடம் கழித்து அது அறிவியலுக்கு உதவுகிறது. அவளுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

கணினி காட்டிய ஜோடிகளை அப்படியே நம்பிவிடவில்லை. ஸ்மித் என்றும் ஜான்சன் என்றும் லட்சக்கணக்கில் ஆட்கள் இருக்கும் நாடு அது. ஒரே நாளில் பிறந்த இரண்டு ஸ்மித்துகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வாழ்ந்து முடித்திருக்கலாம். எனவே ராணுவ ஃபைல்களை எடுத்து, இவர்கள் உண்மையிலேயே உடன்பிறந்தவர்கள்தானா என்று கையால் புரட்டிப் பார்த்தார்கள். அந்த ஃபைல்கள் இருக்கும் இடம் செயின்ட் லூயிஸ் நகரத்துத் தேசியப் பணியாளர் ஆவணக் கிடங்கு. இந்தப் பெயரைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. 1973 ஜூலை 12-ஆம் தேதி அந்தக் கட்டடத்தின் ஆறாவது மாடி தீப்பிடித்து, 160 முதல் 180 லட்சம் ஃபைல்கள் சாம்பலாயின. இரண்டு உலகப் போர்களிலும் கொரியாவிலும் சண்டையிட்ட பெரும்பாலான தரைப்படை வீரர்களின் வாழ்க்கைக் குறிப்பு ஒரே வாரத்தில் போய்விட்டது. வியட்நாம்காரர்களுக்கு யோகம். எரிந்தவை பெரும்பாலும் 1964-க்கு முன்னால் பணியை விட்டவர்களுடையவை. பதிவேட்டின் கதை பிழைத்தது, சில மாடி வித்தியாசத்தில்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சில்லறை சந்தேகம். நள்ளிரவில் பிறந்த இரட்டையர் என்ன ஆவார்கள்? ஒருவன் 11.57-க்கு, மற்றவன் 12.04-க்கு. பிறந்த தேதியே வேறு. சல்லடையில் விழுந்திருக்கவே மாட்டார்கள். எங்கோ இரண்டு தாத்தாக்கள் தங்கள் பெயர் ஏன் இல்லை என்று தெரியாமலே காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பதிவேட்டுக்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் ஓர் இரட்டையர் பதிவேட்டை அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் உருவாக்கியிருந்தது. அங்கே வேலை தலைகீழ். 1917-க்கும் 1927-க்கும் இடையே பிறந்த இரட்டை ஆண் குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ்களை முதலில் மாநிலம் மாநிலமாகச் சேர்த்தார்கள். பிறகு அந்தக் குழந்தைகள் பட்டாளத்துக்குப் போனார்களா என்று தேடினார்கள். இருவருமே போன 15,924 ஜோடிகள் தேறின. தொட்டிலிலிருந்து தொடங்கி முகாமுக்கு நடந்தது அந்தப் பேரேடு. வியட்நாம் பேரேடு முகாமிலிருந்து தொட்டிலுக்குத் திரும்பி நடந்தது. முன்னதில் வெள்ளையர்களை மட்டுமே சேர்த்தார்கள் என்பதை மட்டும் என் உற்சாகம் கொஞ்சம் இறங்கிய குரலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜோடி கிடைத்தால் ஆயிற்றா? இல்லை. ஒரு கருவா, இரு கருவா? ஒரு கரு என்றால் மரபணு முழுக்க ஒன்று. இரு கரு என்றால் சராசரியாகப் பாதிதான் பொது, சாதாரண அண்ணன் தம்பி மாதிரி. இந்தப் பிரிவு தவறினால் எல்லாக் கணக்கும் கோணல். மரபணுச் சோதனை மலிவாகக் கிடைக்காத காலம். என்ன செய்தார்கள்? கேட்டார்கள். சின்ன வயதில் உங்கள் இருவரையும் அடுத்தவர்கள் மாற்றிக் கூப்பிடுவார்களா? அச்சு அசல் ஒருவர்போல் இன்னொருவர் இருந்தீர்களா? பதிலோடு ராணுவ ஃபைலில் இருந்த ரத்த வகையையும் சேர்த்துப் பார்த்தார்கள். இதில் சுமார் 95 சதவீதம் சரியாக வந்துவிடும் என்பது கணக்கு. பக்கத்து வீட்டுப் பாட்டி செய்யும் அதே வேலை, கூட ஒரு ரத்தப் பரிசோதனை! டாக்டர் சொன்னதைவிட இது மேல் என்றுகூடச் சொல்லலாம். ஒரு கரு இரட்டையரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத் தனித்தனி நஞ்சுக்கொடி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘இவர்கள் வேறு வேறு கரு’ என்று பிரசவ அறையிலேயே தவறாகச் சொல்லி அனுப்பிவிடுவது உண்டு. அறுபது வயதில் மரபணுச் சோதனை வந்து, அட, நாம் ஒரே அச்சா என்று தெரியவரும் சகோதரர்களை எண்ணிப் பாருங்கள்.

1987-இல் முதல் பெரிய கேள்வித்தாள் தபாலில் போனது. பட்டாளத்தை விட்டுப் பல வருடம் ஆன ஆட்கள், அரசாங்கத்தின் மேல் கோபத்துக்குக் குறைவில்லாத ஆட்கள். ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் பதில் போட்டார்கள். நான் என் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘தீபாவளிக்கு யார் யார் வருகிறீர்கள்’ என்று கேட்டு இந்த விகிதத்தில் பதில் வாங்கியதில்லை.

இனி ஒரு குட்டி விலகல், மன்னிக்கவும், சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1969 டிசம்பர் 1-ஆம் தேதி, யாரைப் பட்டாளத்துக்கு இழுப்பது என்று அமெரிக்கா தொலைக்காட்சியில் குலுக்கல் நடத்தியது. ஆட்களின் பெயரைக் குலுக்கவில்லை. பிறந்தநாளைக் குலுக்கினார்கள். கண்ணாடிக் குடுவையில் 366 நீலக் குப்பிகள். முதலில் வந்தது செப்டம்பர் 14. அப்படியென்றால் இரட்டையருக்கு? ஒரே எண்! ஒரே தேதிக்காரர்களுக்குள் முன்பின் தீர்மானிக்க, அன்றே ஆங்கில எழுத்துகளையும் குலுக்கி ஒரு வரிசை போட்டார்கள். குடும்பப் பெயரின் முதலெழுத்தும் ஒன்றென்றால், ரெட்டைப் பிள்ளைகளில் யார் முன்னால் என்பது முதல் பெயரின் முதலெழுத்தில் வந்து நிற்கும். அம்மா வைத்த பெயர், அங்கே போய் நிற்கிறது. பதிவேட்டில் பலர் இந்தக் குலுக்கலுக்கு முன்பே சேர்ந்தவர்கள்தான். ஆனாலும் ஒருவர் மேகாங் ஆற்றுச் சேற்றிலும் மற்றவர் ஜெர்மனியில் ஒரு முகாமின் கிடங்கிலும் போய் நின்றதற்குப் பின்னால் இந்த மாதிரித் தற்செயல்கள் எத்தனையோ இருந்தன. விஞ்ஞானிகளுக்குத் தற்செயல்தான் விருந்து.

விருந்து 1990-இல் பரிமாறப்பட்டது. கோல்ட்பர்க் குழு ஒரு கரு ஜோடிகளில் 715-ஐ எடுத்தது. ஒவ்வொன்றிலும் ஒருவர் தென்கிழக்கு ஆசியாவில் பணியாற்றியவர், மற்றவர் போகாதவர். போனவர்களில் 16.8 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. போகாத சகோதரர்களில் 5 சதவீதம். கடும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய ஒன்பது மடங்கு. ‘அவன் பிறவியிலேயே அப்படி’ என்ற வாதம் அங்கேயே விழுந்தது.

முழுதாக விழுந்ததா என்றால், அங்கேதான் பேரேடு தன் குறும்பைக் காட்டுகிறது. அதே பதிவேட்டை வைத்து 1993-இல் வில்லியம் ட்ரூ குழு 4,042 ஜோடிகளைப் பார்த்தது. எவ்வளவு சண்டை பார்த்தார்கள் என்பதைக் கழித்துவிட்டாலும், அறிகுறிகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வேறுபாட்டுக்கு மரபணு பொறுப்பு. இன்னும் வேடிக்கை, ‘வியட்நாமுக்கு நானே போகிறேன்’ என்று கை தூக்குவதிலேயே மரபணுவுக்குப் பங்கு இருப்பதாக மைக்கேல் லயன்ஸ் குழு காட்டியது. தற்செயல் என்று நான் மேலே எழுதியதை அவசரப்பட்டு அடித்துவிடாதீர்கள், இரண்டும் உண்மை.

2002-இல் வந்தது உச்சக்கட்டம். நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி பி.டி.எஸ்.டி. உள்ளவர்களுக்குச் சிறியதாக இருப்பதை முன்பே கண்டிருந்தார்கள். போரின் அதிர்ச்சி மூளையைச் சுருக்கிவிட்டது என்பதுதான் எல்லோர் நினைப்பும். மார்க் கில்பர்ட்சனும் ரோஜர் பிட்மனும் சேர்ந்த குழு, போகாத சகோதரரின் மூளையையும் படம் எடுத்துப் பார்த்தது. சண்டையின் வாடையே படாத அவருக்கும் அது சிறியது! சுருங்கவில்லை, முதலிலேயே அப்படி. போகாதவரைக் கேட்காமல் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. இதைப் படித்த ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா?

இப்போது பந்தலின் அடுப்படிக்கு வருகிறேன். ஆராய்ச்சியாளர் பெயர் கட்டுரையில் வரும். பேரேட்டைக் காப்பவர்கள் பெரும்பாலும் நன்றி சொல்லும் வரியில் வந்து போவார்கள். ஆனால் சாவி அவர்கள் இடுப்பில். எந்த ஊர்ப் பேராசிரியராக இருந்தாலும் நேரே ஓர் இரட்டையருக்குப் போன் போட்டுவிட முடியாது. முதலில் பதிவேட்டுக்கு விண்ணப்பம், அனுமதி. பிறகு பதிவேட்டுக்காரர்களே வீரருக்கு எழுதி, ‘இப்படி ஒரு ஆய்வு, உங்களுக்குச் சம்மதமா’ என்று கேட்பார்கள். சம்மதம் வந்த பிறகுதான் மற்றவை. பெண் பார்க்க வருகிறவர்களை வாசலில் நிறுத்தி விசாரிக்கும் பெரியப்பா வேலை. அதிலும் இரட்டையர் என்பதால் ஒரு கூடுதல் கவனம். அண்ணன் எங்கே குடியிருக்கிறார் என்று தம்பியிடம் கேட்கலாம். அண்ணன் என்ன எழுதினார் என்று தம்பியிடம் மூச்சு விடக் கூடாது. குடியைப் பற்றி, போதையைப் பற்றி, சூதாட்டத்தைப் பற்றியெல்லாம் கேள்விகள் போயிருக்கின்றன. சூதாட்டத்துக்கு மட்டும் 3,359 ஜோடிகள் தொலைபேசியில் வாய் திறந்தார்கள். இரு பக்கமும் நம்பிப் பேசியதால்தான் அது நடந்தது.

பதிவேட்டுக்குள்ளிருந்தே கிளைத்த இன்னொரு பெரிய வேலை, முதுமை பற்றிய ஆய்வு. சான் டியேகோவில் வில்லியம் கிரெமனும் கேரல் ஃப்ரான்ஸும், பாஸ்டனில் மைக்கேல் லயன்ஸும் நடத்துவது. 2003-இல் தொடங்கிய முதல் சுற்றில் ஐம்பதுகளில் இருந்த 1,237 பேர் வந்தார்கள், இரண்டு நகரங்களில் தங்களுக்குத் தோதான ஒன்றுக்கு. நாள் முழுக்க நினைவாற்றல் சோதனை, கேள்வி, சிலருக்கு மூளைப் படம்.

அதில் ஒரு சோதனை என்னைக் கூத்தாட வைத்தது. பட்டாளத்தில் சேரும்போது ஒவ்வொருவரும் நூறு கேள்விகள் கொண்ட தகுதித் தேர்வு எழுதியிருந்தார்கள், சுமார் இருபது வயதில். அந்த மதிப்பெண் ராணுவ ஆவணத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. சுமார் 35 வருடம் கழித்து, தலை நரைத்து, வயிறு முன்னால் வந்த அதே ஆட்களிடம் அதே தேர்வைத் திரும்பக் கொடுத்தார்கள்! இரண்டு மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு 0.74. இருபதில் முன்னால் நின்றவர் பெரும்பாலும் ஐம்பத்தைந்திலும் முன்னால். இருபது வயது மதிப்பெண்ணை இப்படிப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கும் ஆய்வு உலகத்தில் மிகச் சில. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் எங்கே என்று கேட்காதீர்கள்.

அடுத்தது எச்சில். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் நாளுக்குள் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க, வீட்டிலேயே எழுந்தவுடன், அரை மணி கழித்து, பகலில், தூங்கப் போகும் முன் என்று குழாயில் எச்சில் சேகரிக்கச் சொன்னார்கள். நேரம் தவறாமல் இருக்கக் கையில் ஒலிக்கும் கடிகாரம். அதுமட்டுமா, மூடி எப்போது திறக்கப்பட்டது என்று தானே குறித்துக்கொள்ளும் பாட்டில்! பட்டாளத்துக்காரரேயானாலும் ஏமாற்ற வழியில்லை.

அட்லாண்டாவில் வயோலா வக்கரினோவும் டக்ளஸ் பிரெம்னரும் ஜோடிகளை ஒன்றாக வரவழைத்து இதயத்தைப் பார்த்தார்கள். பி.டி.எஸ்.டி. இருந்தவர்களில் 22.6 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் வந்திருந்தது, இல்லாதவர்களில் 8.9 சதவீதம். மனக்காயம் மார்புக்கு இறங்குகிறது. சிறுநீரகக் கல்லைப் பற்றிக்கூட ஓர் ஆய்வு உண்டு. காபி அதிகம் குடித்தவர்களுக்குக் கல் குறைவாக இருந்தது என்று அதில் படித்துவிட்டு எழுந்துபோய் இரண்டாவது டம்ளர் போட்டுக்கொண்டேன். விஞ்ஞானத்தை மதிக்க வேண்டும்.

குறையில்லாத பேரேடு அல்ல இது. பெண்கள் ஒருவர்கூட இல்லை. பெரும்பான்மை வெள்ளையர். இரண்டு பேருமே உடற்தகுதியில் தேறிப் பட்டாளத்தில் நுழைந்த குடும்பங்கள் மட்டும். அமெரிக்காவின் முழு முகத்தை இதில் தேடினால் கிடைக்காது. பதிவேட்டை வைத்து எழுதுகிறவர்களே இதைத் தங்கள் கட்டுரைகளின் கடைசியில் எழுதிவிடுகிறார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

1957-இல் பிறந்த கடைக்குட்டிகளே எழுபதை நெருங்கிவிட்டார்கள். மூத்தவர்கள் எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். சூதாட்டத்தையும் போதையையும் பற்றிக் கேட்ட பேரேடு இப்போது மறதியையும் மூட்டு வலியையும் பற்றிக் கேட்கிறது. ஜோடியில் ஒருவர் போய்விட்டாலும் அவர் வரியை அழிப்பதில்லை. 1987-இல் அவர் பேனாவால் போட்ட டிக்குகள் அங்கேயே இருக்கின்றன. இருப்பவர் இனி எழுதும் ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவைதான் ஜோடி. அடுத்த கேள்வித்தாள் மட்டும் ஒரே ஒரு விலாசத்துக்குப் போகும்.